வி.ஹெச். ரோடு இருக்கு, வி.ஹெச். எங்கே?

"நம்ம ஊர்க் கட்டடங்கள்" வரிசையில இது அடுத்த எபிசோட். கேட்க நேரம் இல்லாதவங்களுக்காக, பேசினதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுத்தா தர்றோம்.

கோயம்புத்தூர்ல இருக்கிற எல்லாருக்கும் வி.ஹெச். ரோடு தெரியும். ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து டவுன்ஹால் பக்கம் போறப்ப அந்தப் பேர் காதுல விழாம இருக்காது. "வெரைட்டி ஹால் ரோடு போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்"னு வாரத்துக்கு ஒரு தடவையாவது பேப்பர்ல வரும். ஆனா அந்த வெரைட்டி ஹால் எதுன்னு என் வயசுப் பசங்க கிட்ட கேட்டா, கல்யாண மண்டபம்னு ஒருத்தர் சொல்றார், வெள்ளக்காரன் கிளப்புன்னு இன்னொருத்தர் சொல்றார்.

அது ஒரு சினிமா தியேட்டர். 1914-ல் கட்டினது. பிற்காலத்துல அதுக்கு டிலைட்னு பேர் மாத்தினாங்க. நூறு வருஷத்தைத் தாண்டி நின்ன அந்தக் கட்டடத்தை இப்ப இடிச்சாச்சு.

"ஐயோ இடிச்சுட்டாங்களே"ன்னு புலம்புறதுக்காக இந்த எபிசோட் பண்ணல. ஒரே கட்டடம் ஒரு ஊருக்கு எத்தனை வேலை செஞ்சிருக்கு, அந்த வேலைங்க ஒவ்வொண்ணா எப்படிக் கையை விட்டுப் போச்சு, கடைசியில அதைக் காப்பாத்த யாருக்கும் ஏன் ஒரு காரணமும் இல்லாமப் போச்சு, இதைத்தான் பாக்கப் போறோம். ஏன்னா இதே நிலைமையில இன்னும் பல கட்டடங்க நம்ம ஊர்ல நிக்குது.

டென்ட்ல ஆரம்பிச்ச கதை

சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ல் கோயம்புத்தூர்ல பிறந்தவர். திருச்சியில ரயில்வேயில வேலை பார்த்தார். 1905-ல் டூபாண்ட்ங்கிற பிரெஞ்சுக்காரர் ஒரு ப்ரொஜெக்டரும் சில படச்சுருள்களும் வெச்சுக்கிட்டு ஊர் ஊரா படம் காட்டிட்டு இருந்தார். உடம்பு முடியாம ஊர் திரும்பணும்னு அவர் முடிவு பண்ணினப்ப, அந்த மொத்த சாமானையும் வின்சென்ட் விலைக்கு வாங்கிட்டார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்ற மௌனப் படம் ஒண்ணும் அதுல இருந்தது.

யோசிச்சுப் பாருங்க. நிலையான ரயில்வே சம்பளம். அதை விட்டுட்டு, பத்து வருஷம் கூட ஆகாத ஒரு டெக்னாலஜியை நம்பி இறங்குறார். லூமியேர் சகோதரர்கள் பாரிஸ்ல காசு வாங்கிப் படம் காட்டினதே 1895 டிசம்பர்லதான். இன்னைக்கு ஒருத்தன் ஐ.டி. வேலையை விட்டுட்டு ஸ்டார்ட்அப்னு கிளம்பினா வீட்டுல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். 1905-ல் அவர் வீட்டுல என்ன நடந்திருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

டென்ட் போட்டார், ஊர் ஊரா போனார். தென்னிந்தியாவோட நிக்கல. வடக்கே பெஷாவர் வரைக்கும், கடல் தாண்டி பர்மா, மலேயா வரைக்கும் படம் காட்டினார்னு சினிமா வரலாற்றாளர்கள் எழுதியிருக்காங்க. பிரான்ஸ் நாட்டு பாத்தே கம்பெனியோட ப்ரொஜெக்டர்களை இங்கே விக்கிற ஏஜென்டாவும் இருந்தார். அவர்கிட்ட மெஷின் வாங்கி டென்ட் கொட்டாய் ஆரம்பிச்சவங்களும் உண்டு. அதாவது, படம் காட்டுறதோட நிக்காம, படம் காட்டுற ஆட்களையும் உருவாக்கினார்.

அப்படிச் சுத்தினவர் 1914-ல் சொந்த ஊருக்கு வந்து, டென்ட்டைச் சுருட்டி வெச்சுட்டு, ஒரு நிரந்தரக் கட்டடம் எழுப்பினார். அதுதான் வெரைட்டி ஹால்.

"முதல்"னு சொல்றதுல ஒரு சின்னச் சிக்கல்

"தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர்"னு வெரைட்டி ஹாலைப் பத்தி நிறைய இடத்துல படிச்சிருப்பீங்க. ஆனா சென்னை மவுண்ட் ரோட்டுல 1913-லயே வார்விக் மேஜர்ங்கிற வெள்ளக்காரர் எலக்ட்ரிக் தியேட்டர் ஆரம்பிச்சுட்டார். 1914-ல் ரகுபதி வெங்கையா சென்னையில கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். அதனால "முதல்"ங்கிற பட்டத்துக்குப் போட்டி இருக்கு. இந்தியர் ஒருத்தர் கட்டின ஆரம்பகாலத் தியேட்டர்கள்ல ஒண்ணு, சென்னைக்கு வெளியே கட்டினதுல முன்னோடின்னு சொன்னா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.

எனக்கு அந்தப் பட்டம் பெருசாப் படல. இன்னொரு கேள்விதான் முக்கியமாத் தோணுது: டென்ட்ல நல்லா ஓடிட்டு இருந்த தொழிலுக்கு எதுக்குச் செங்கல் கட்டடம்?

செங்கல் எதுக்கு?

முதல் காரணம் நெருப்பு. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்ல செஞ்சது. பத்திக்கிட்டா தண்ணி ஊத்தினாலும் அணையாது, ஏன்னா எரியறதுக்கு வேண்டிய ஆக்சிஜன் அந்தப் பொருளுக்குள்ளயே இருக்கு. 1897-ல் பாரிஸ்ல ஒரு அறக்கட்டளைச் சந்தையில, படம் காட்டுற விளக்குல இருந்து தீ பிடிச்சு 126 பேர் இறந்து போனாங்க. துணி டென்ட்டுக்குள்ள அப்படி ஒரு ஃபிலிமை ஓட்டுறது எவ்வளவு ஆபத்துன்னு பாருங்க. இந்தியாவுல 1918-ல் வந்த சினிமாட்டோகிராஃப் சட்டம், படம் காட்டுற இடத்துக்கு லைசென்ஸ் வேணும்னு சொல்லிடுச்சு. சென்சாருக்கும் அந்தச் சட்டம்தான் தொடக்கம். ப்ரொஜெக்டர் ரூமைத் தனியாச் சுவர் எழுப்பிப் பிரிச்சு வெச்ச கட்டடம், டென்ட்டை விட ஒரு படி மேல.

ரெண்டாவது கரண்ட். டென்ட்ல கார்பைடு விளக்கு மாதிரி எதையாவது வெச்சு ஓட்டிடலாம். நிரந்தரத் தியேட்டர்ல அது சரிப்படாது. அப்ப ஊருக்கு மின்சாரம் வரல. அதனால சொந்தமா ஜெனரேட்டர் வெக்கணும். கோயம்புத்தூர் பார்த்த முதல் மின்விளக்குகள்ல சில, தியேட்டருக்காக வந்த மெஷின்லதான் எரிஞ்சதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. அதே மின்சாரத்தை வெச்சு வின்சென்ட் அச்சகமும் மில்லும் நடத்தினார். நம்ம பாஷையில சொன்னா, ஒரு அப்ளிகேஷனுக்காக சர்வர் வாங்கி வெச்சார். மிச்சம் இருந்த கெபாசிட்டியில வேற சர்வீஸையும் ஓட்டினார்.

மூணாவது காரணம், பழக்கம். டென்ட் வந்தா திருவிழா, போனா முடிஞ்சுது. கட்டடம் அப்படி இல்ல. நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். "சாயங்காலம் அங்க போலாம்"னு ஊருக்கு ஒரு இடம் கிடைக்குது. அந்த ரோட்டுக்கே அதோட பேர் ஒட்டிக்கிச்சுன்னா, அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமா வேர் விட்டிருக்கணும்!

ஒரே கூரைக்குக் கீழே

பேரைக் கவனிங்க: வெரைட்டி ஹால். சினிமா ஹால்னு வெக்கல. அந்தக் காலத்துப் படங்க சின்னச் சின்னத் துண்டுகளா இருக்கும், சத்தமும் கிடையாது. திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு கதையைச் சொல்லுவார், பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பார். ரீல் மாத்துற இடைவெளியில பாட்டு, டான்ஸ், குஸ்தின்னு ஏதாவது நடக்கும். தமிழ்நாட்டு மௌனப்பட அரங்குகள்ல இதெல்லாம் சகஜம். சினிமாங்கிறது அந்த மாலை நேரத்துல ஒரு ஐட்டம், அவ்வளவுதான்.

இப்ப இந்த எபிசோடோட முக்கியமான இடத்துக்கு வர்றேன். இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ் சினிமாவையும் அரசியலையும் பத்தி எழுதினப்ப ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே உக்காந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் அரங்கம் சினிமா கொட்டகைதான். அங்கே யார் எங்கே உக்காரணும்னு தீர்மானிச்சது பிறப்பு இல்ல, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு.

இதை நம்ம ஊர்ல வெச்சுப் பாருங்க. கோயிலுக்குள்ள எல்லாரும் போக முடியாத காலம் அது. தமிழ்நாட்டுல கோயில் நுழைவுச் சட்டமே 1939-லதான் வருது. டீக்கடையில தனி டம்ளர் வெச்சிருந்த காலம். கச்சேரிக்குப் போறவங்க வேற, தெருக்கூத்துக்குப் போறவங்க வேற. அப்ப ஒரு இடம் வருது. தரை டிக்கெட், பெஞ்சு, சேர்னு பிரிவு இருக்கு, சமத்துவம்னு சொல்ல முடியாது. ஆனா பிரிக்கிற கோடு காசு. காசு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குச் சம்பாதிக்கலாம். சாதியை அப்படிச் சம்பாதிக்கவோ மாத்தவோ முடியாது.

விளக்கு அணைஞ்சதும் எல்லாரும் ஒரே இருட்டுல உக்காந்திருப்பாங்க. ஒரே இடத்துல சிரிப்பாங்க. இதை ஒரு புரட்சின்னு யாரும் திட்டம் போட்டுச் செய்யல. நாலு டிக்கெட் கூட வித்தாகணும்ங்கிற வியாபாரக் கணக்குல நடந்தது. ஆனாலும் நடந்தது. ஒரு பாரம்பரியக் கட்டடத்தோட மதிப்பு அதோட தூண்லயும் வளைவுலயும் மட்டும் இல்லைன்னு நான் சொல்றது இதனாலதான். வெரைட்டி ஹால் பாக்க அரண்மனை மாதிரி இருந்ததில்ல. அதுக்குள்ள யாரை உக்கார விட்டாங்கங்கிறதுதான் அதோட வரலாறு.

மில்லு, மின்சாரம், மைக்கு

1931-ல் "காளிதாஸ்" வந்து சினிமா பேச ஆரம்பிச்சது. வின்சென்ட் தயாரிப்புலயும் இறங்கினார். கல்கத்தா பயனீர் ஃபிலிம் கம்பெனியோட சேர்ந்து 1933-ல் "வள்ளி திருமணம்" எடுத்தார். டி.பி. ராஜலட்சுமி நடிச்ச அந்தப் படம் பெரிய வெற்றி. தமிழ்ப் படம் எடுக்கணும்னா கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ ரயில் ஏறணும்ங்கிற காலம் அது. இங்கே ஸ்டுடியோ பத்தாது.

அதே நேரத்துல கோயம்புத்தூர் தலையெழுத்தை மாத்தின ஒரு விஷயம் நீலகிரி மலையில நடந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் ஓட ஆரம்பிச்சது. மின்சாரம் மலை இறங்கி வந்ததும் பஞ்சாலைகள் வரிசையா முளைச்சுது. மில்லு வந்துச்சு, கூலி வந்துச்சு, ஷிப்ட் வந்துச்சு. கையில கொஞ்சம் காசும் சாயங்காலம் கொஞ்சம் நேரமும் இருக்கிற ஒரு பெரிய கூட்டம் உருவாச்சு. தியேட்டருக்கு வேண்டியது அந்தக் கூட்டம்தான்.

முதலாளிங்க கிட்ட சேர்ந்த மில்லுப் பணம் சினிமா பக்கமும் திரும்பிச்சு. 1930-களோட நடுவுல சிங்காநல்லூர்ல சென்ட்ரல் ஸ்டுடியோஸ் வந்தது. அதுல பங்கு போட்டவங்கள்ல வின்சென்ட்டும் ஒருத்தர். தியாகராஜ பாகவதரோட "சிவகவி", சென்னை பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்த "ஹரிதாஸ்", எம்.ஜி.ஆர். முதல் தடவை கதாநாயகனா நடிச்ச "ராஜகுமாரி" எல்லாம் அங்கே எடுத்ததுதான். அப்புறம் ஸ்ரீராமுலு நாயுடுவோட பட்சிராஜா ஸ்டுடியோஸ், "மலைக்கள்ளன்". கொஞ்ச காலம் கோயம்புத்தூர் நிஜமாவே ஒரு சினிமா நகரம்.

வின்சென்ட் 1942-ல் காலமானார். "ஹரிதாஸ்" வந்தது 1944-ல். அவர் விதை போட்ட தொழில் உச்சத்துக்குப் போனதை அவர் முழுசாப் பாக்கல.

பொட்டி வந்த காலம், பொட்டி நின்ன காலம்

வெரைட்டி ஹால் பிறகு டிலைட் ஆச்சு. புதுப் புதுத் தியேட்டர்கள் வந்தப்புறம் அதோட வேலையும் மாறிச்சு. கடைசிக் காலத்துல அங்கே பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் ஓடிச்சு. அதைத் தேடி வர்ற ஒரு தனிக் கூட்டம் இருந்தது. மார்க்கெட்ல மூட்டை தூக்குறவங்க, வயசானவங்க, ரயிலுக்கு நேரம் இருக்கிறவங்க. குறைஞ்ச காசுல மூணு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே உக்காரலாம். ஒரு நகரத்துல அப்படி ஒரு இடம் இருக்கிறது சின்ன விஷயம் இல்லீங்க.

ஆனா அந்த வேலையும் ஏன் போச்சு? டி.வி., ஓ.டி.டி.ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதுவும் உண்மைதான். அதிகம் பேசாத இன்னொரு காரணம் இருக்கு: படம் வந்து சேர்ற முறையே மாறிப் போச்சு.

முன்னாடி படம்ங்கிறது ஒரு பொருள். மூணு மணி நேரப் படம்னா பதினஞ்சு, பதினாறு ரீல். அதைத் தகரப் பொட்டியில போட்டு பஸ்லயும் ரயில்லயும் அனுப்புவாங்க. "பொட்டி வந்துருச்சா?"ங்கிறதுதான் ரிலீஸ் நாள் கேள்வி. பிரின்ட் போட நிறைய செலவாகும், அதனால எண்ணிக்கை கம்மி. பெரிய தியேட்டர்ல முதல் ஓட்டம் ஓடி முடிச்ச அதே பொட்டி அடுத்த கட்டத் தியேட்டருக்குப் போகும், அப்புறம் டவுனுக்கு, அப்புறம் டூரிங் டாக்கீஸுக்கு. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர்னு சொன்னதெல்லாம் இதை வெச்சுத்தான். பழைய தியேட்டருக்கு அந்த வரிசையில ஒரு இடம் இருந்தது. புதுப்படம் கிடைக்காட்டியும் ரெண்டாவது ஓட்டம் கிடைக்கும்.

2005-க்கு அப்புறம் க்யூப், யு.எஃப்.ஓ. மாதிரி டிஜிட்டல் முறைகள் வந்தது. இப்ப படம் ஒரு ஃபைல். அதைத் திறக்க ஒரு டிஜிட்டல் சாவி. ஆயிரம் தியேட்டருக்கு அனுப்பினாலும் காப்பி எடுக்கிற செலவு ஒண்ணும் பெருசா ஏறாது. அதனால எல்லா ஊர்லயும் ஒரே நாள்ல ரிலீஸ், ரெண்டு வாரத்துல வசூல் முடிஞ்சுது. வரிசையே இல்லாமப் போச்சு. வரிசை போனதும், அதுல ரெண்டாவது, மூணாவது இடத்துல நின்னுட்டு இருந்த தியேட்டர்களுக்கு வேலை இல்லாமப் போச்சு. டிஜிட்டல் எல்லாருக்கும் ஒரே வாய்ப்பைக் கொடுக்கும்னு நாங்க ஐ.டி. பசங்க அடிக்கடி பேசுவோம். இங்கே அந்த ஒரே வாய்ப்புதான் கடைசி ஆளை வெளியே தள்ளிச்சு.

இன்னொரு பக்கம் மால். புரூக்ஃபீல்ட்ஸ், ஃபன் மால்னு வந்தப்புறம் சினிமா பாக்குறதுக்குக் குறைஞ்சபட்ச விலைன்னு ஒண்ணு மறுபடி ஏறிச்சு. டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் கூட்டிப் பாருங்க. தரை டிக்கெட்ல வந்து உக்காந்தவரோட பேரனுக்கு அங்கே இடம் இருக்கான்னு கேட்டா, பேப்பர்ல இருக்கு. சிவத்தம்பி சொன்ன அந்த ஒரே கூரை, சத்தமில்லாம மறுபடி பல கூரைகளாப் பிரிஞ்சிருச்சு.

எந்தக் கட்டடம் பிழைக்குது?

இதே மாதிரி கட்டடங்களை வரிசையா வெச்சுப் பார்த்தா ஒரு பேட்டர்ன் தெரியுது.

சென்னை எலக்ட்ரிக் தியேட்டர் 1915-க்குள்ளயே மூடியாச்சு. சினிமாவா அது வாழ்ந்தது ரொம்பக் கொஞ்ச நாள். ஆனா கட்டடம் இன்னும் இருக்கு. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துல, தபால்தலை சேகரிக்கிறவங்களுக்கான நிலையமா நிக்குது. கெயிட்டி பல வருஷம் படம் ஓட்டிச்சு. இப்ப இல்ல. டிலைட்டும் அப்படித்தான். நம்ம டவுன்ஹால், அதாவது விக்டோரியா மகாராணியோட பொன்விழா நினைவா எழுப்பி 1892-ல் முடிச்ச விக்டோரியா ஹால், மாநகராட்சி மன்றக் கூட்டம் நடக்கிற இடமா கம்பீரமா நிக்குது. 1902-ல் தொடங்கின காஸ் வன அருங்காட்சியகம் வனத்துறை வளாகத்துல பத்திரமா இருக்கு.

பிழைச்சது எல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தமானது. போனது எல்லாம் தனியாருக்குச் சொந்தமானது. எது முக்கியமான கட்டடம்ங்கிறதுக்கும் எது பிழைக்குதுங்கிறதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. பட்டா யார் பேர்ல இருக்குங்கிறதுதான் தீர்மானிக்குது.

போன எபிசோடுக்கு ஒரு நண்பர் மெசேஜ் போட்டிருந்தார்: "டவுன்ஹால் ஏரியாவுல ஒரு சென்ட் என்ன விலைன்னு தெரியுமா? உங்க நாஸ்டால்ஜியாவுக்கு அவங்க எதுக்கு நஷ்டப்படணும்?" நியாயமான கேள்வி. நாலு பேர் வந்து பழைய படம் பாக்குற தியேட்டரை, கடைவீதி நடுவுல, சொந்தச் செலவுல வெச்சிருன்னு ஒரு குடும்பத்துகிட்ட சொல்ற உரிமை நமக்குக் கிடையாது. ஊருக்கு ஒரு நினைவு வேணும்னா, அதுக்கான பில்லை ஊரும் சேர்ந்து கட்டணும்.

அதுக்கு வழி இருக்கு. நியூயார்க்ல பென் ஸ்டேஷனை 1963-ல் இடிச்சாங்க. ஊரே கொதிச்சது. 1965-ல் பாரம்பரியக் கட்டடங்களுக்குச் சட்டம் வந்தது. அங்கே ஒரு ஏற்பாடு உண்டு: உன் கட்டடத்து மேல நீ கட்டியிருக்கக் கூடிய மாடிகளோட உரிமையை வேற இடத்துல கட்டுறவருக்கு வித்துக்கோ, பழைய கட்டடத்தை அப்படியே விடு. மும்பையிலயும் 1995-ல் பாரம்பரியக் கட்டட விதிகள் வந்தப்ப இதே மாதிரி கட்டட உரிமை மாற்றத்தைச் சேர்த்தாங்க. சொந்தக்காரருக்குப் பணம் கிடைக்குது, ஊருக்குக் கட்டடம் மிஞ்சுது.

தமிழ்நாட்டுல பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012-ல் நிறைவேறிச்சு. நடைமுறைக்கு வந்தது 2024-ல். நடுவுல பன்னெண்டு வருஷம். அதுக்கு முன்னாடி 2010-ல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒண்ணுல நானூறுக்கும் மேல கட்டடங்களோட பட்டியல் வந்தது. அது சென்னைக்கு மட்டும்.

இனி என்ன?

டிலைட் திரும்பி வராது. ஆனா ரெண்டு விஷயம் இப்பவும் கைக்குள்ள இருக்கு.

ஒண்ணு, பட்டியல். கோயம்புத்தூர்ல தனியார் கையில இருக்கிற பழைய மில்லு, தியேட்டர், மண்டபம், வீடு எதெதுன்னு இப்பவே எழுதி வெக்கணும். இடிக்கிற மெஷின் வந்த பிறகு போட்டோ எடுக்கிறதுல பிரயோஜனம் இல்ல. சட்டம் ஒரு கட்டடத்தைக் காப்பாத்தணும்னா, முதல்ல அது பட்டியல்ல இருக்கணும்.

ரெண்டாவது, ஆட்கள். கட்டடத்தை விட வேகமாப் போயிட்டு இருக்கிறது அவங்கதான். ப்ரொஜெக்டர் ஓட்டினவங்க, டிக்கெட் கிழிச்சவங்க, முறுக்கு வித்தவங்க, மில்லு ஷிப்ட் முடிச்சு செகண்ட் ஷோ பார்த்தவங்க. உங்க வீட்டுல எழுபது வயசுக்கு மேல யாராவது இருந்தா, இந்த வாரம் போனை ரெக்கார்டிங்ல போட்டுட்டு நாலே கேள்வி கேளுங்க: நீங்க பார்த்த முதல் படம் எது, எந்தத் தியேட்டர், டிக்கெட் எவ்வளவு, பக்கத்துல யார் உக்காந்திருந்தாங்க?

அந்த நாலாவது கேள்வியை மட்டும் விட்டுடாதீங்க. அந்தக் கட்டடம் என்ன வேலை செஞ்சுதுங்கிறதுக்கு பதில் அதுலதான் இருக்கு.

ரெக்கார்டிங்கை எங்களுக்கு அனுப்பினா, அவங்க சம்மதத்தோட ஒரு தனி எபிசோடா போடுறோம். அடுத்த எபிசோட்ல சிங்காநல்லூர் ஸ்டுடியோக்களோட கதையை விரிவாப் பேசலாம். அதுவரைக்கும், வரட்டுங்களா!